படுவான்கரையில ஒரு காட்டு நடை: காட்டைக் காட்டித் தாறது ஆர்?

போன ஆடி மாசம் கம்பஸ் லீவில ஊருக்கு வந்திருந்தேன். உன்னிச்சையில அது கச்சான் காத்து அடிக்கிற காலம். சிறுபோகத்துக்குத் தண்ணி திறந்து விட்டதில குளம் பாதிக்கு மேல வத்தி, கரையோரம் எல்லாம் பச்சைப் புல்லா கிடந்தது. பின்னேரத்தில குளக்கட்டில நிண்டா அந்தப் புல்லுக்கு ஆனை இறங்குறத பாக்கலாம். அதுக்காக ஒருத்தரும் கட்டில நிக்கிறதில்ல. ஆனை இறங்குதெண்டா வீட்டுக்குப் போற நேரம் வந்திட்டு எண்டுதான் இஞ்ச அர்த்தம்.

அந்த நாட்களில ஒரு கொழும்பு நண்பன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவில ஏதோ ஒரு மாநிலப் பூங்கா. கோடை விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் நெருப்பைச் சுத்தி இருக்குது. அகலத் தொப்பி போட்ட ரேஞ்சர் ஒருத்தர் ஆந்தை கத்துற மாதிரி கத்திக் காட்டுறார். சின்னப் பிள்ளைகள் திருப்பிக் கத்துதுகள். கொஞ்சம் பொறுத்துக் காட்டுக்குள்ள இருந்து உண்மையான ஆந்தையே பதில் குடுக்குது. கீழ நண்பன் எழுதியிருந்தான்: "உங்கட ஊரிலயும் காடு கிடக்குத்தானே, இப்பிடி ஒண்டும் இல்லையாடா?"

அம்மப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். இளவயசில பட்டி மேய்ச்சவர், சேனை வெட்டினவர், தேனுக்குப் போனவர். வீடியோவ ரெண்டு தரம் பாத்தார். மறுகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த மனுசனுக்குச் சம்பளம் ஆர் குடுக்கிறது மனே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனா ரெண்டு கிழமையா அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திக்கொண்டு இருந்தது. காட்டைத் தெரிஞ்ச ஆள், அதைத் தெரியாத ஆளுக்குக் காட்டித் தாறது ஒரு தொழிலா எப்ப மாறினது? அந்தத் தொழில் ஆருக்குக் கிடைச்சது? எங்கட பக்கம் அது ஏன் வந்து சேரேல்ல? இந்தக் கட்டுரை அம்மப்பாவின்ட கேள்விக்குப் பின்னால போன கதைதான்.

1848: வாவியில ஒரு இரவு

மட்டக்களப்பில 'விருந்தாளிக்கு இயற்கையைக் காட்டின' நிகழ்ச்சிகளில நாங்கள் எழுத்தில வாசிக்கக் கூடிய பழையதுகளில ஒண்டு 1848 செப்டெம்பரில நடந்திருக்கு. விருந்தாளி சாதாரண ஆளில்ல. இலங்கையின்ட குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். வாவிக்குள்ள இருந்து இசை மாதிரி ஒரு சத்தம் வருது எண்ட கதையைக் கேள்விப்பட்டு, அதை விசாரிக்கிறதுக்கு மீனவர்கள் சில பேரைக் கூப்பிடுவிக்கிறார். அவங்க சொன்ன தகவல் ரொம்பத் துல்லியமானது. சத்தம் வாறது உண்மை. எங்கட தகப்பன்மாரும் சொல்லியிருக்காங்க. வறண்ட காலத்தில மட்டும்தான் கேக்கும். மழை பெய்து வாவியில வெள்ளம் வந்தா நிண்டு போகும். அது மீனில்ல, ஊரி.

நிலவு ஏறின பிறகு டெனன்டைத் தோணியில ஏத்திக்கொண்டு கோட்டைக்குப் பக்கத்தில உள்ள இடத்துக்குப் போறாங்க. காத்து இல்லாத இரவு. அவர் கேக்கிறார். கண்ணாடிக் குவளையின்ட விளிம்பைத் தேய்ச்சா வாற ஓசைக்கு அதை ஒப்பிடுறார். தோணிப் பலகையில காதை வைச்சதும் சத்தம் இன்னும் கூடினதெண்டும் எழுதுறார். இண்டைக்கும் கல்லடிப் பாலத்தடியில பாடும் மீன் கேக்கப் போறவங்களுக்கு, துடுப்பின்ட ஒரு நுனியைத் தண்ணிக்குள்ள வைச்சு மற்ற நுனியைக் காதில வைக்கச் சொல்லித்தான் குடுப்பாங்க. 1950களில புனித மிக்கேல் கல்லூரியோட தொடர்புடைய யேசு சபைப் பாதிரியார் லாங் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து, அது இலங்கை வானொலியிலயும் ஒலிபரப்பானது.

இப்ப இந்த 1848 தோணிப் பயணத்தை ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. காலம் பாத்து, இடம் பாத்து, நிலவு பாத்து, 'எப்பிடிக் கேக்கோணும்' எண்டு சொல்லி விருந்தாளியைக் கூட்டிப் போனவங்க வழிகாட்டிகள். இண்டைக்கு ஒரு பூங்கா ரேஞ்சர் செய்யிற வேலை முழுக்க அதுக்குள்ள இருக்கு. ஆனா டெனன்டின்ட பெயர் மட்டும்தான் புத்தகத்தில நிண்டது. தோணி வலிச்சவங்களின்ட பெயர் எங்கயும் இல்ல.

அதே 1848 ஆடி, ஆவணியிலதான் மாத்தளையிலயும் குருநாகலிலயும் கிளர்ச்சி வெடிச்சது. நாய் வரி, கடை வரி, துப்பாக்கி வரி எண்டு புதுசு புதுசா வரி போட்ட அரசாங்கத்தில டெனன்ட் ஒரு முக்கியமான ஆள். சேனைக்காரனின்ட துப்பாக்கி, பயிரைப் பன்றியிட்ட இருந்தும் ஆனையிட்ட இருந்தும் காக்கிற துப்பாக்கி. அதுக்கு வரி போட்ட கை, அடுத்த மாசம் எங்கட வாவியில நிலவுக்குள்ள இசை கேட்டிருக்கு. ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள இருந்தது எண்டதை ஞாபகத்தில வைச்சுக்கொண்டு மேல போவம்.

தொப்பி வந்த கதை

வீடியோவில பாத்த அந்த ரேஞ்சர் எங்க இருந்து வந்தார்? கலிபோர்னியாவின்ட யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில இருந்து தொடங்கலாம். 1864 இல ஆபிரகாம் லிங்கன் கையெழுத்துப் போட்டு, அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்கள் பாவனைக்கெண்டு கலிபோர்னியா மாநிலத்திட்டக் குடுத்தார். 'மாநிலப் பூங்கா' எண்ட எண்ணத்துக்கு அதுதான் தொடக்கம் எண்டு சொல்லலாம். அந்த இடம் வெறுங்காடாகக் கிடக்கேல்ல. அங்க அவானீச்சி மக்கள் வாழ்ந்தாங்க. 1851 இல மரிப்போசா படையணி எண்ட ஆயுதக் குழு உள்ள புகுந்து அவங்களைத் துரத்தினது. திரும்பி வந்தவங்க பிறகு பள்ளத்தாக்குக்குள்ளயே கூலி வேலை செய்து, கூடை பின்னி வித்து வாழ்ந்தாங்க. அவங்கட கடைசி வீடுகளும் 1969 இல அழிக்கப்பட்டது.

வழிகாட்டித் தொழில் வேற ஒரு மலையில இருந்து வருது. கொலராடோவில எனோஸ் மில்ஸ் எண்டவர் லோங்ஸ் சிகரத்துக்கு ஆக்களைக் கூட்டிப் போனவர். மலை உச்சியைத் தொடுறதை விட, போற வழியில பீவர் கட்டின அணையையும் பூவையும் நிண்டு பாக்கிறதுதான் முக்கியம் எண்டு சொல்லி, அப்பிடிக் காட்டுறதுக்கு ஆக்களுக்குப் பயிற்சியும் குடுத்தார். 1917 இல எலிசபெத் பேர்னல், எஸ்தர் பேர்னல் எண்ட ரெண்டு சகோதரிகள் ரொக்கி மலைத் தேசியப் பூங்காவில இயற்கை வழிகாட்டி அனுமதி எடுத்தாங்க. 1920 கோடையில ஹரோல்ட் பிரையன்ட், லோய் மில்லர் எண்ட ரெண்டு விலங்கியல்காரர் யோசெமிட்டியில இலவச இயற்கை வழிகாட்டிச் சேவையைத் தொடங்கினாங்க. பகலில நடை, பிள்ளைகளுக்குத் தனி நடை, இரவில நெருப்படியில பேச்சு. 1925 இல அதே இடத்தில வழிகாட்டிகளுக்கெண்டு ஒரு கோடைப் பள்ளிக்கூடமே வந்திட்டு. அம்மப்பா பாத்த நெருப்பு அந்த நெருப்பின்ட வாரிசுதான்.

ஆக, சம்பளம் குடுத்தது அரசாங்கம். அது நல்ல விசயம். பல்கலைக்கழகத்துக்கு வெளியில, டிக்கட் வாங்காத பிள்ளைக்கும் ஒரு பறவையின்ட பெயரைச் சொல்லிக் குடுக்கிறது ஒரு அரசாங்கத்தின்ட கடமை எண்டு ஒரு நாடு ஏத்துக்கொண்டிருக்கு. 1957 இல ஃபிரீமன் டில்டன் இந்த வேலையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தகவலை அள்ளிக் கொட்டுறது இந்த வேலையில்ல, வந்தவரின்ட மனசில ஏதோ ஒண்டைக் கிளறி விடோணும் எண்டது அவர்ட வாதம். எனக்குப் பிடிச்ச வாதம். ஆனா பள்ளத்தாக்கில இருந்து துரத்தப்பட்ட ஒரு அவானீச்சிக் கிழவியிட்ட, 'இந்த இடத்தை நீங்க காட்டித் தாங்க, சம்பளம் தாறம்' எண்டு 1920 இல ஆரும் கேட்டிருந்தா? அந்தக் கேள்வி எங்கட நாட்டுக்கும் பொருந்தும்.

இலங்கையில: துப்பாக்கி, வேலி, ஜீப்

எங்கட நாட்டில காட்டுக்கு முதல் வந்த 'விருந்தாளி' வேட்டைக்காரன். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் எண்ட ஆங்கிலேய அதிகாரி 1400 ஆனை வரை சுட்டதாகச் சொல்லப்படுது. 1845 இல அவர் மின்னல் தாக்கிச் செத்தார். டெனன்டே எழுதியிருக்கார்: ஆனைத் தலைக்கு அரசாங்கம் வெகுமதி குடுத்த காலத்தில, 1848 க்கு முந்தி மூணு வருசத்துக்குள்ள வட மாகாணத்தின்ட ஒரு பகுதியில மட்டும் 3500 க்கு மேல ஆனை கொல்லப்பட்டதெண்டு. கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் மலைக்காட்டை முடிச்சது அதுக்குப் பிறகு.

மிருகம் குறைஞ்ச பிறகுதான் பாதுகாப்பு வருது. 1894 இல வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் உருவாகுது. அதில இருந்தவங்க பெரும்பாலும் தோட்டத்துரைமாரும் வேட்டைப் பிரியர்களும். சுடுறதுக்கு மிருகம் மிஞ்சோணும் எண்டதும் அவங்கட கவலையில ஒண்டு. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அடுத்த வருசம் 1938 இல யாலயும் வில்பத்தும் தேசியப் பூங்கா, 1949 இல வனசீவராசிகள் திணைக்களம். இந்த ஒழுங்கில எங்கட நாட்டுப் பூங்கா பிறந்தது.

பூங்காவுக்குள்ள வாற விருந்தாளிக்கு 'ட்ரக்கர்' எண்டு ஒரு ஆள். அடி பாத்து மிருகம் கண்டுபிடிக்கிறவர். பூங்கா ஓரத்துக் கிராமத்து ஆக்கள்தான் பெரும்பாலும் அந்த வேலைக்குப் போனாங்க. காட்டு அறிவுக்குக் கிடைச்ச சம்பளம் எண்டா அதுதான். ஆனா விருந்தாளி ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. அதனால ட்ரக்கரின்ட வேலை, 'அந்தா சிறுத்தை, இந்தா கரடி' எண்டு விரல் நீட்டுறதில முடிஞ்சு போகுது. நெருப்படியில இருந்து கதை சொல்லுற வேலை அவருக்குக் கிடைக்கேல்ல. பள்ளிக்கூடக் காலத்தில நாங்களும் ஒருக்கா ஒரு பூங்காவுக்குப் போனம். சொன்னது சிங்களத்திலயும் கொஞ்சம் ஆங்கிலத்திலயும். முன் சீட்டில இருந்த சேர் மொழிபெயர்த்தார். பின் சீட்டில இருந்த எங்களுக்கு வந்து சேர்ந்தது ரெண்டே ரெண்டு சொல்: "கத்தாதீங்கடா, ஆனை."

எங்கட பக்கத்துக்கு வந்தா கதை இன்னும் சிக்கலாகும். 1949 இல கல்லோயாத் திட்டம் தொடங்குது. ஆத்தை மறிச்சு சேனநாயக்க சமுத்திரம், கீழ வயலும் குடியேத்தமும், மேல நீரேந்து காட்டைக் காக்க 1954 இல கல்லோயாத் தேசியப் பூங்கா. 1956 இல அதே கல்லோயாப் பள்ளத்தாக்கில தமிழர்கள் கொல்லப்பட்டாங்க. இப்ப அந்தச் சமுத்திரத்தில படகில போய், தீவுக்குத் தீவு ஆனை நீந்துறதைப் பாக்கலாம். அழகான காட்சிதான். ஆனா அந்தத் தண்ணிக்கு இப்பிடி ஒரு வரலாறும் இருக்கு.

1983 இல மகாவலித் திட்டத்தோட சேத்து மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அறிவிக்கப்படுது. கிட்டத்தட்ட 58,850 ஹெக்டயர். எங்கட மாவட்டத்தின்ட மேற்குக்கு அங்கால. அந்தக் காட்டில வேடர்கள் வாழ்ந்தாங்க. பலரை ஹெனானிகலைக்குக் குடியேத்தினாங்க. தலைவர் ஊருவரிகே திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோட தம்பானைப் பக்கம் விட்டுப் போக மாட்டன் எண்டு நிண்டார். தகப்பன், பாட்டன் தேன் எடுத்த காட்டுக்குள்ள போனா, அதுக்குப் பிறகு குத்தம். இப்ப வேடர் கிராமத்துக்கு உல்லாசப் பயணிகள் பஸ் பஸ்ஸா போறாங்க. வில்லு வளைச்சுக் காட்டச் சொல்லிப் படம் எடுக்கிறாங்க. காட்டை எடுத்துக்கொண்டு, காட்டைத் தெரிஞ்ச ஆளையே காட்சியாக்கியிருக்கு. யோசெமிட்டிக்கும் தம்பானைக்கும் நடுவில சமுத்திரம் இருக்கு, ஆனா கதை ஒண்டுதான்.

காட்டுக்குள்ள போகாத தலைமுறை

எங்கட வயசுக்காரருக்குக் காடு ஏன் தெரியாது எண்டதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. அதை ஆரும் பூங்காப் புத்தகத்தில எழுத மாட்டாங்க. குமண 1985 இல மூடி 2003 இலதான் திறந்தது. வில்பத்து 1988 இல மூடி 2003 இல திறந்து, மறுகா மூடி, 2010 இல திரும்பத் திறந்தது. பூங்காவுக்கே அப்பிடியெண்டா, பூங்கா எண்ட பெயரே இல்லாத படுவான்கரைக் காட்டைப் பற்றி என்ன சொல்ல? வலையிறவுப் பாலத்துக்கு அங்கால ஒரு உலகம், இஞ்சால ஒரு உலகம். எனக்கு நாலு வயசில, 2007 மார்ச்சில, படுவான்கரையே எழும்பி எழுவான்கரைக்கு ஓடினது. அந்த வருசம் ஆடியில குடும்பிமலை இராணுவத்திட்டப் போனது. போர் முடிஞ்ச பிறகு 'தொப்பிகல' எண்ட பெயரில அந்த மலையடியில ஒரு மரபுப் பூங்காவும் வந்தது. எங்கட ஆக்கள் இன்னமும் குடும்பிமலை எண்டுதான் சொல்லுறம்.

அந்தக் காலத்தில எங்கட அம்மாமாருக்குக் காடெண்டா பயம். பிள்ளை காட்டுப் பக்கம் போனா அது தேனுக்கோ பாலைப்பழத்துக்கோ போனதா இருக்காது எண்ட பயம். அதனால அம்மப்பாவுக்குத் தெரிஞ்சது மாமாவுக்குப் பாதிதான் தெரியும், எனக்கு ஒண்டுமே தெரியாது. ஒரு மொழி சாகிற மாதிரித்தான் இதுவும்: ஆரும் தடை செய்யேல்ல, சொல்லிக் குடுக்கிற சந்தர்ப்பம் வரேல்ல.

ஏற்கெனவே இருந்த ஒரு கோடை நிகழ்ச்சி

இதை எழுதிக்கொண்டு இருக்கக்கதான் ஒண்டு உறைச்சது. தமிழ் ஆக்களுக்குத் தேசியப் பூங்காவில கோடை நிகழ்ச்சி இல்லை எண்டு நான் நினைச்சது பிழை. வருசா வருசம் ஒண்டு நடக்குது: கதிர்காமப் பாதயாத்திரை.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எண்டு நடந்து வாற சனம் உகந்தை முருகன் கோயிலடியில கூடும். அங்கதான் குமணக் காட்டின்ட வாசல். கதிர்காமக் கொடியேத்தத்தை ஒட்டி, ஒவ்வொரு வருசமும் குறிப்பிட்ட நாளில காட்டுப் பாதையைத் திறப்பாங்க. குமண, கும்புக்கன் ஓயா, யால, கட்டகாமம் எண்டு அஞ்சாறு நாள் காட்டுக்குள்ளால நடை. மற்ற நாளில ஜீப்பை விட்டுக் கால் கீழ வைக்க ஏலாத பூங்காவுக்குள்ள, பல்லாயிரம் சனம் வெறுங்காலோட நடக்குது. குமண வில்லில பறவைகள் கூடு கட்டுற காலமும் அதுதான்.

எங்கட மாமி ரெண்டு தரம் போனவ. அவவிட்ட 'யால நஷனல் பார்க் பாத்திருக்கிறீங்களா?' எண்டு கேட்டா இல்லை எண்டுதான் சொல்லுவா. 'கதிர்காமத்துக்கு நடந்தனீங்கதானே' எண்டு கேட்டாத்தான் கதை வரும். எந்த ஆத்து மணலில தோண்டினா தண்ணி ஊறும், எந்த இடத்தில இரவு தங்கக் கூடாது, கரடி இருக்கிற பக்கம் பாலைப்பழம் பொறுக்கப் போனா ஏன் சத்தம் போட்டுக்கொண்டு போகோணும். முந்திப் போன சாமிமார் பிந்திப் போற சாமிக்குச் சொல்லிக் குடுத்த அறிவு. அங்க எல்லாரும் சாமிதான், வழிகாட்டியும் சாமி, விருந்தாளியும் சாமி. இதைப் பெருமையா மட்டும் சொல்ல ஏலாது. கூட்டம் கூடக் கூடப் பிளாஸ்டிக்கும் கூடுது, அதைக் காட்டில விட்டிட்டு வாறதும் எங்கட சனம்தான். ஆனா ஒரு பூங்காவை எங்கட மொழியில, எங்கட காலால அறிஞ்சுகொள்ள ஏலும் எண்டதுக்கு இதை விடப் பெரிய சாட்சி வேற என்ன வேணும்?

எங்கட மொழியிலயே இளம் ஆக்கள் தொடங்கின இன்னொரு உதாரணம் சென்னையில இருக்கு. 1988 இல மாணவர்கள் சிலர் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒண்டு தொடங்கினாங்க. ஆமை முட்டையிட வாற மாசங்களில நீலாங்கரையில இருந்து பெசன்ட் நகர் வரை இரவிரவா கடற்கரையில நடக்கிறது, முட்டையைக் கண்டா எடுத்துப் பாதுகாப்பான குஞ்சு பொரிப்பிடத்தில வைக்கிறது, வாரக் கடைசியில வாற பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு போறது. முப்பது வருசத்துக்கு மேல ஓடுது. அவங்களுக்குத் தொப்பியும் இல்ல, சம்பளமும் இல்ல.

ஆனை எங்களுக்கு அதிசயமில்ல

சரி, உன்னிச்சைக்கு வருவம். மட்டக்களப்பு டவுன் குடிக்கிறது இந்தக் குளத்துத் தண்ணி. ஆனா டவுன் பிள்ளைகள் எத்தனை பேர் இந்தக் குளத்தைக் கண்டிருப்பாங்க? காட்டுறதுக்கு இஞ்ச என்ன இல்ல? கூழைக்கடா, நாரை, நீர்க்காகம், முதலை, மயில், கரையில நிக்கிற மருதமரம். 'சுற்றுலா வளர்ச்சி' எண்டு ஆரும் தொடங்கினா முதல் போடப் போற போட் ஆனைப் படத்தோடதான் இருக்கும்.

அங்கதான் எனக்குத் தயக்கம். 2011 கணக்கெடுப்பின்படி இலங்கையில 5879 ஆனைகள். ஆனை நடமாடுற பரப்பில சுமார் 70 சதவீதம் மனிசரும் குடியிருக்கிற இடம் எண்டு ஆய்வுகள் சொல்லுது. அதாவது ஆனை பூங்காவுக்குள்ள வாழுற மிருகமில்ல, எங்கட பக்கத்து வீட்டுக்காரன். 2019 ஒரு வருசத்தில மட்டும் 400 க்கு மேல ஆனைகளும் 120 பேர் அளவில மனிசரும் செத்திருக்கு. படுவான்கரையில ஒரு வெள்ளாண்மைக்காரரிட்டப் போய், 'ஆனை எவ்வளவு அழகு பாத்தீங்களா' எண்டு சொன்னா, அவர் மரியாதைக்குச் சிரிச்சிட்டுப் போவார். பரணில நித்திரை முழிக்கிறது அவர். யானை வெடி கொளுத்திக் கை வெந்ததும் அவருக்குத்தான்.

மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். ஊர் அறிவு எல்லாம் புனிதமில்ல. பொறிவெடி வைச்சு ஆனையின்ட வாய் கிழிஞ்ச கதைகளும் இந்த அறிவுக்குள்ளதான் கிடக்கு. அம்மப்பாவே மரை இறைச்சியின்ட ருசி சொல்லுற ஆள்தான். ஆனா அதே அம்மப்பாதான் காட்டுக்குள்ள போகக்க ஒரு கொப்பை முறிச்சு வழியில தொங்க விட்டிட்டுப் போறவர். "உத்தரவு கேக்கிறது மனே" எண்டுவார். அவருக்கு அதுதான் டிக்கட். இந்த ரெண்டையும் தெரிஞ்ச ஆள்தான் எங்களுக்கு வழிகாட்டியா வரோணும். ஒண்டை மட்டும் தெரிஞ்சவர் வந்தா அரைக் காடுதான் தெரியும்.

குளக்கட்டில பதினொரு பேர்

லீவு முடிய முந்தி நாங்கள் மூணு பேர் ஒண்டு செய்து பாத்தம். ஒழுங்கைப் பிள்ளைகள் பதினொரு பேரைச் சேத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில குளக்கட்டுக்குப் போனம். காட்டுக்குள்ள போகேல்ல, கட்டும் கட்டுக்குக் கீழ உள்ள கரையும் மட்டும்தான். வழிகாட்டி அம்மப்பா. முதல் அரை மணித்தியாலம் மனுசன் வாயே திறக்கேல்ல. "என்னத்தச் சொல்ல, எல்லாம் தெரிஞ்சதுதானே" எண்டு நிண்டார். பிள்ளைகளுக்கும் கொட்டாவி. எங்கட நிகழ்ச்சி அவ்வளவுதான் எண்டு நினைச்சேன்.

கரைச் சேத்தில இரவு வந்த ஆனையின்ட அடி கிடந்தது. அம்மப்பா குனிஞ்சு, ஒரு துண்டுக் கயிறு கேட்டார். முன்னங்கால் அடியைச் சுத்திக் கயிறைப் பிடிச்சார். "இதை ரெண்டால பெருக்குங்க. அவ்வளவுதான் ஆள்ட உயரம்." கயிறு நாலு அடியும் கொஞ்சமும் வந்தது. எட்டடிக்கு மேல எண்டு ஒரு பெடியன் கத்தினான். (பிறகு தேடிப் பாத்தேன். ஆனையை ஆய்வு செய்யிற ஆக்களும் இந்தக் கணக்கைத்தான் பாவிக்கிறாங்க.) அதுக்குப் பிறகு மனுசனை நிப்பாட்ட ஏலாமப் போச்சு. அடியின்ட ஓரம் உடையாமக் கிடந்தா புதுசு. பிண்டத்தில வண்டு வந்திருந்தா எத்தனை மணித்தியாலம். காத்து எந்தப் பக்கம் இருந்து வந்தா எந்தப் பக்கத்தால விலகிப் போகோணும். தனி ஆனைக்கும் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம். இந்தப் பிள்ளைகளில பாதிப்பேர் இருட்டில டியூஷன் முடிஞ்சு சைக்கிளில வாறவங்க. இது அவங்களுக்குப் பொழுதுபோக்கு அறிவில்ல, உயிர் காக்கிற அறிவு.

ஒரு பெடியன் மட்டும் கிட்ட வரேல்ல. ரெண்டு கிழமைக்கு முந்தி, வீட்டுக்குள்ள அடுக்கி வைச்சிருந்த நெல்லு மூட்டைக்காக ஆனை அவன்ட வீட்டுச் சுவரை இடிச்சிருந்தது. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல, ஆனா அந்தப் பக்கச் சுவர் இன்னும் தறப்பாள்தான். அவன் தூரத்தில நிண்டுகொண்டு கேட்டான்: "இவர்தானா எங்கட வீட்ட உடைச்சது?"

அம்மப்பா தெரியாது எண்டார். அவர் கயிறைச் சுருட்டி அவனிட்டக் குடுத்தார், வேற ஒண்டும் சொல்லேல்ல.

கட்டடிக் கடையில பிளேன்டீயும் பிஸ்கட்டும் வாங்கினம். காசு நாங்கள் மூணு பேரும் போட்டது. அம்மப்பா கோப்பையைத் தூக்கிக் காட்டி, "சம்பளம் வந்திட்டு" எண்டு சிரிச்சார். அவர் சிரிச்சாலும் எனக்கு அந்தக் கேள்வி முடியேல்ல. காட்டோரக் கிராமங்களில காட்டைத் தெரிஞ்ச பெரிய ஆக்களும், அவங்களிட்டப் படிக்க விரும்புற இளம் ஆக்களும் இருக்காங்க. திணைக்களத்தில திட்டம் இருக்கு, பள்ளிக்கூடத்தில சுற்றாடல் பாடம் இருக்கு. இந்த மூண்டையும் ஒரு குளக்கட்டில, தமிழில, ஒரு நாள் கூலியோட சேக்கிறதுக்குப் பெரிய காசு தேவையில்ல. முதல் விருந்தாளி வெளிநாட்டில இருந்து வரோணும் எண்டும் இல்ல. வவுணதீவுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில இருந்தே தொடங்கலாம்.

அடுத்த நாள் விடியக் காலம அந்தப் பெடியன் வீட்டு வாசலில வந்து நிண்டான். கையில கயிறு. கிணத்தடி வாழைக்குள்ள, ஈர மண்ணில, அண்டைக்கு வந்த ஆனையின்ட அடி இன்னும் கிடந்ததாம். தனியா அளந்திருக்கிறான். கயிறில ரெண்டு முடிச்சுப் போட்டு வைச்சிருந்தான்.

"தாத்தா, அவர் வேற ஆள். இவரை விடப் பெரிசு."

அம்மப்பா கயிறை வாங்கி முழத்தால அளந்து பாத்தார். "ஓம் மனே, இது வேற ஆள்தான்" எண்டார்.